வேதிப்பொறியியல் ஆசிரியரின் 16 கோப்பைகள்

கைப்பந்து ஆடி அறியாத நான் எங்கள் கல்லூரிக் கைப்பந்து அணிக்குப் பொறுப்பாசிரியராகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. உடற்கல்வி இயக்குநர் ஓய்வுபெற்ற ஆண்டு அது. புதியவர் வரும்வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் முதல்வர். புதியவர் வந்தார், பையன்கள் என்னை விடவில்லை. வகுப்பில் நான் நடத்துவது வேதிப்பொறியியல். வடிகலம், வெப்பப் பரிமாற்றி, பொருள் சமநிலைக் கணக்கு என்று பகல் போகும். மாலை ஐந்து மணிக்கு மேல் வலைக்கு அருகே நிற்பேன். ஸ்மாஷ் அடிக்கும்போது மணிக்கட்டு எப்படி மடங்க வேண்டும் என்று சொல்லித்தர எனக்குத் தெரியாது. அப்படியானால் அங்கே என் வேலை என்ன? இந்தக் கேள்வி என்னை வெகுகாலம் வாட்டியது.

அந்த நாட்களில்தான் டேவ் வில்லியம்ஸைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் வேதிப்பொறியியல் கற்பித்தவர். 1950-களின் தொடக்கத்தில் அங்குள்ள கோல்ஃப் அணியின் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் பெயர்பெற்ற கோல்ஃப் ஆட்டக்காரர் அல்லர். 36 ஆண்டுகள் அந்த அணியை நடத்தி 1987-இல் ஓய்வு பெற்றபோது அவருடைய மாணவர்கள் தேசியக் கல்லூரிக் கோப்பையை 16 முறை வென்றிருந்தார்கள். கல்லூரி கோல்ஃபின் தந்தை என்று அவரை அழைக்கிறார்கள். அந்நாட்டுக் கோல்ஃப் பயிற்சியாளர் சங்கம் ஆண்டுதோறும் சிறந்த கல்லூரிப் பயிற்சியாளருக்குத் தரும் விருது இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் ஊரில் கோல்ஃபை நேரில் பார்த்தவர்கள் குறைவு. ஊட்டிக்குப் போகும்போது தூரத்தில் தெரியும் புல்வெளி, அவ்வளவுதான் பலருக்கு அறிமுகம். எனக்கும் அப்படித்தான். ஆனால் ஒரு பயிற்சியாளர் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஆட்டத்தைப் போல உதவக்கூடியது வேறொன்று இருக்க முடியாது என்று இப்போது நினைக்கிறேன். கைப்பந்தில் ஆட்டம் கைவிட்டுப் போகும்போது நான் ஓய்வு நேரம் கேட்கலாம், ஆளை மாற்றலாம், கோட்டுக்கு வெளியே நின்று கத்தலாம். கோல்ஃபில் ஒருவன் பதினெட்டுக் குழிகளையும் நான்கைந்து மணி நேரம் தனியாக நடந்து முடிக்கிறான். அவன் அடிக்கும் ஒவ்வோர் அடியும் அவன் கணக்கில் ஏறுகிறது. பந்தைத் தட்டிக்கொடுக்கத் தோழன் இல்லை, அவன் தவற்றை மறைக்கத் தடுப்பாட்டக்காரன் இல்லை.

அணி என்பது அங்கே கூட்டல் கணக்கில் மட்டுமே இருக்கிறது. கல்லூரிப் போட்டிகளின் இன்றைய வழக்கப்படி ஓர் அணிக்கு ஐந்து பேர் ஆடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அவர்களில் சிறந்த நால்வரின் அடிகளைக் கூட்டுவார்கள். யாருடைய கூட்டுத்தொகை குறைவோ அந்த அணிக்கு வெற்றி. ஆக, போட்டி நாளில் பயிற்சியாளரின் கையில் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. அவர் செய்ய வேண்டியதையெல்லாம் அதற்கு முன்பே செய்து முடித்திருக்க வேண்டும்.

வில்லியம்ஸ் செய்து முடித்திருந்தார். 1956-இல் முதல் கோப்பை. அடுத்தடுத்து 1957, 58, 59, 60. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ஒரே பல்கலைக்கழகம். 1961-இல் பர்டூ பல்கலைக்கழகம் வென்றது. 1962-இல் மறுபடியும் ஹூஸ்டன். 1964 முதல் 1967 வரை நான்கு ஆண்டுகள், பிறகு 1969, 1970. பதினைந்து ஆண்டுகளில் பன்னிரண்டு கோப்பைகள். அணிக்கான பரிசு தவிர, தனிநபர் பட்டமும் எட்டு முறை அவருடைய மாணவர்களிடம் வந்தது: ரெக்ஸ் பாக்ஸ்டர், ஃபில் ராட்ஜர்ஸ், இருமுறை டிக் கிராஃபோர்ட், கெர்மிட் ஜார்லி, மார்ட்டி ஃப்ளெக்மன், ஜான் மஹாஃபி, 1982-இல் பில்லி ரே பிரவுன்.

மொத்தக் கணக்கில் யேல் பல்கலைக்கழகத்துக்கு 21 கோப்பைகள் உண்டு என்று சிலர் சுட்டிக்காட்டுவார்கள். உண்மைதான். அவற்றில் கடைசியானது 1943-இல் வென்றது. பெரும்பாலானவை கிழக்குக் கரையின் பழம்பெரும் பல்கலைக்கழகங்கள் சில தங்களுக்குள் ஆடிக்கொண்டிருந்த காலத்தவை. ஹூஸ்டனின் கதை அதற்கு நேர் எதிர். 1927-இல் இரண்டாண்டுக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம் அது. முதல் கோப்பையை வென்றபோது அதற்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. மாநில அரசின் பல்கலைக்கழகமாக ஆனதே 1963-இல்தான். அக்கம்பக்கத்துப் பெரிய பல்கலைக்கழகத்தார் அதை 'உயர்நிலைப் பள்ளி' என்று கேலி செய்த காலமும் இருந்தது. பரம்பரைப் பெருமையோ பழைய மாணவர்களின் பணமோ இல்லாத அப்படிப்பட்ட இடத்துக்கு நாட்டின் சிறந்த இளைஞர்களை ஒருவர் எப்படி வரவழைத்தார்?

முதல் சிலர் வந்தது ஆசிரியரின் விடாமுயற்சியால் இருக்கலாம். பிறகு வந்தவர்கள் அந்த முதல் சிலருக்காக வந்தார்கள். நல்ல ஆட்டக்காரனுக்குத் தன்னைவிட நல்ல ஆட்டக்காரர்கள் இருக்கும் இடம்தான் வேண்டும். மற்ற வசதிகள் எல்லாம் அதற்குப் பிறகு. ஹூஸ்டனில் அது கிடைத்தது. வாரப் போட்டிக்கான பயணத்தில் இடம்பெற முதலில் தோழர்களோடு மோதித் தகுதிச் சுற்றில் தேற வேண்டும். அந்தச் சுற்று வெளிப் போட்டிகளைவிடக் கடினமாக இருந்தது என்பது அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி எங்கும் பேசப்படும் செய்தி. அங்கே ஆசிரியரின் விருப்பு வெறுப்புக்கு வேலை இல்லை. அட்டையில் எண் இருக்கிறது. குறைந்த எண் போகிறது, கூடிய எண் விடுதியில் தங்குகிறது. மணிக்கட்டைத் திருத்தத் தெரியாத ஆசிரியர் அதைவிடப் பெரிய ஒன்றைச் செய்தார். திருத்திக்கொள்ளாமல் தப்பிக்க முடியாத ஒரு சூழலை அமைத்தார்.

இதற்கு எனக்குப் பிடித்த சான்று ஹொமேரோ பிளாங்கஸ். மெக்சிகோ வழிக் குடும்பம். ஹூஸ்டனின் செல்வர்கள் ஆடும் ரிவர் ஓக்ஸ் மன்றத்தில் புல்தரையைப் பராமரிக்கும் வேலை பார்த்தவர் அவருடைய தந்தை. பையன் ஆட்டத்தைக் கற்றது அந்தப் புல்லின் ஓரத்தில். வில்லியம்ஸின் அணியில் சேர்ந்தார். 1962 ஆகஸ்டில் டெக்சாஸின் லாங்வியூ ஊரில் நடந்த ஒரு போட்டியில், தேர்ந்த ஆட்டக்காரருக்கு 70 அடிகள் ஆகும் என்று நிர்ணயித்த களத்தில், ஒரு சுற்றை 55 அடிகளில் முடித்தார். களம் சிறியது, சுமார் 5,000 கஜம்தான். ஆனாலும் 55 என்பது பல்லாண்டுகள் உலகம் வியந்து பேசிய எண். அன்று 61 அடித்தும் தோற்றுப்போனவர் ஃப்ரெட் மார்ட்டி. வேறெந்த ஊரிலும் வேறெந்த நாளிலும் 61 அடித்தவனைத் தோளில் தூக்கியிருப்பார்கள். அவரும் ஹூஸ்டன் அணிக்காரர்தான். பக்கத்தில் ஒருவன் 61 அடித்துக்கொண்டிருந்தால்தான் இன்னொருவனால் 55 அடிக்க முடியும் என்பது என் துணிபு. பிளாங்கஸ் பின்னாளில் தொழில்முறைச் சுற்றுப்போட்டியில் நான்கு பட்டங்கள் வென்றார். 1973-இல், பிரிட்டன்-அயர்லாந்து அணியோடு மோதும் ரைடர் கோப்பைக்காக அமெரிக்காவின் சார்பில் ஆடினார்.

வேதிப்பொறியியல் படித்தவர்களுக்கு ஒன்று எளிதில் விளங்கும். தொடர் ஓட்ட உலை என்று ஒன்று உண்டு. ஒரு குழாய் வழியாகப் பொருள் உள்ளே வந்துகொண்டே இருக்கும், மறு குழாய் வழியாக வெளியே போய்க்கொண்டே இருக்கும். உலைக்குள் இருக்கும் ஒரு துளிகூட நேற்று இருந்தது அல்ல. ஆனால் அழுத்தம், வெப்பநிலை, வெளியே வரும் பொருளின் தரம் மூன்றும் மாறுவதில்லை. அப்படி நிலையாக ஓட்டுவதுதான் பொறியாளரின் திறமை. கல்லூரி அணியும் அதுவேதான். நான்கு ஆண்டுகளில் எல்லோரும் போய்விடுகிறார்கள். 36 ஆண்டுகள் என்றால் அணி ஒன்பது முறை அடியோடு மாறியிருக்கும். 1956-இல் வென்றவர்களின் பிள்ளைகள் வயதில் இருந்தவர்கள் 1985-இல் வென்றார்கள். தொழில்முறை அணியின் பயிற்சியாளருக்கு ஒரு மேதை கிடைத்தால் பத்து ஆண்டுகள் ஓட்டலாம். கல்லூரிப் பயிற்சியாளருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவன் தேறிவரும்போது பட்டமளிப்பு விழா வந்துவிடுகிறது.

எனக்கு உறுத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஐந்து இடங்களுக்கு அத்தனை பேரைக் கூட்டி வைத்தால் ஆறாவது, ஏழாவது ஆள் என்ன ஆனான்? வேறு பல்கலைக்கழகத்தில் அவன் முதல் ஆளாக ஆடியிருப்பான். கோப்பைப் பட்டியல்களில் அவன் பெயர் இல்லை. தகுதிச் சுற்றில் ஒரே ஓர் அடியில் தவறிப்போய், தோழர்கள் வண்டியேறுவதை விடுதி வாசலில் நின்று பார்த்த பையன்கள் அந்த 36 ஆண்டுகளில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள். எங்கள் அணியிலும் ஆண்டுதோறும் பன்னிரண்டு பேர் பஸ் ஏறுகிறார்கள், மூன்று பேர் நிற்கிறார்கள். அந்த மூவரின் முகங்களைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது இன்றும் எனக்குப் பழகவில்லை.

1970-க்குப் பிறகு ஹூஸ்டனின் ஆட்சி தளர்ந்தது. 1971, 72 இரண்டு ஆண்டுகளும் அதே மாநிலத்தின் டெக்சாஸ் பல்கலைக்கழகம் வென்றது. பென் கிரென்ஷாவும் டாம் கைட்டும் அங்கே ஆடிக்கொண்டிருந்தார்கள். 1974, 75-இல் வேக் ஃபாரஸ்ட். 1976-இல் ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகம். வில்லியம்ஸுக்கு அந்தப் பத்தாண்டில், 1970-க்குப் பிறகு, ஒரே ஒரு கோப்பை, 1977-இல். அந்த அணியில் இருந்த எட் ஃபியோரி பிற்காலத்தில், 1996-இல், புதிதாகத் தொழில்முறைக்கு வந்திருந்த டைகர் வுட்ஸ் கடைசி நாள் காலையில் முன்னிலையில் இருந்த போட்டியைத் தன்வசமாக்கினார் என்பது கோல்ஃப் ரசிகர்கள் மறக்காத செய்தி.

இந்தத் தளர்ச்சியை வீழ்ச்சி என்று நான் எண்ணவில்லை. பாதி அவர் விதைத்ததுதான். ஆல் அமெரிக்கா என்ற பெயரில் ஒரு கல்லூரிப் போட்டியைத் தொடங்கி நாட்டின் வலிமையான அணிகளையெல்லாம் ஹூஸ்டனுக்கு அழைத்தவர் அவர். வந்தவர்கள் ஆடிவிட்டு மட்டும் போகவில்லை, பார்த்தும் போனார்கள். கல்லூரி கோல்ஃபை இவ்வளவு முனைப்போடு நடத்த முடியும் என்று மற்றவர்களுக்குக் காட்டிய பிறகு அவர்களும் அப்படியே நடத்தத் தொடங்கியதில் வியப்பில்லை. ஓக்லஹோமா ஸ்டேட்டில் மைக் ஹோல்டர் என்ற இளைஞர் 1973-இல் பொறுப்பேற்றார். 1976 முதல் 1987 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளை எடுத்துக்கொண்டால் அவருக்கு ஐந்து கோப்பைகள், மூத்தவருக்கு நான்கு. தன்னைவிட மிகவும் இளையவரோடு மல்லுக்கு நின்று, 1982, 84, 85 என்று அறுபது வயதுக்கு மேல் மூன்று கோப்பைகளை வில்லியம்ஸ் மீட்டுக்கொண்டு வந்தார். முதல் ஐந்தைவிட இந்த மூன்றைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஆளில்லாத களத்தில் ஓடுவது வேறு, நெரிசலில் முந்துவது வேறு.

அதே பல்கலைக்கழகத்தில் அதே ஆண்டுகளில் கூடைப்பந்து அணியும் புகழின் உச்சியில் இருந்தது. கை லூயிஸ் பயிற்சியாளர். ஹக்கீம் ஒலாஜுவான், கிளைட் டிரெக்ஸ்லர் போன்றவர்கள் வீரர்கள். ஐந்து முறை தேசிய அரையிறுதிவரை சென்றும் லூயிஸுக்குக் கோப்பை கிட்டவே இல்லை. 1984 ஏப்ரலில் இறுதிப் போட்டியில் தோற்றார்கள். அந்த ஆண்டு கோல்ஃப் அணி வென்றது. தோற்ற ஆட்டத்தைக் கோடிப் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். வென்றதைப் பார்த்தவர்கள் அந்தக் களத்தில் நடந்துகொண்டிருந்த சில நூறு பேராக இருக்கும்.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். 1977 இலையுதிர் காலத்தில் டாப் ஹால் என்ற விடுதியில் வில்லியம்ஸ் சில பையன்களை ஒன்றாகக் குடியமர்த்தினார். ஒருவர் ஃப்ரெட் கப்பிள்ஸ். சியாட்டில் நகரப் பூங்காத்துறையில் வேலை பார்த்தவரின் மகன். பொதுமக்கள் களத்தில் ஆடி வளர்ந்தவர். பேச்சு குறைவு, அடி மட்டும் அற்புதம். இன்னொருவர் டெக்சாஸ் மண்ணின் பிளேன் மெக்காலிஸ்டர். மற்றொருவர் நியூ ஜெர்சியிலிருந்து வந்த ஜிம் நான்ஸ். நான்ஸுக்கு அணியின் முதல் வரிசையில் ஆடும் அளவுக்கு ஆட்டம் இல்லை. ஆனால் தொலைக்காட்சியில் விளையாட்டு வர்ணனையாளர் ஆக வேண்டும், அதுவும் சி.பி.எஸ். நிறுவனத்தில், கோல்ஃபின் நான்கு பெரும்போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸை வர்ணிக்க வேண்டும் என்ற கனவு சிறுவயது முதலே இருந்தது. இப்படி ஒருவனை நாட்டின் தலைசிறந்த அணியில் சேர்த்துக்கொள்ள எந்தப் பயிற்சியாளருக்குத் தோன்றும்? வில்லியம்ஸுக்குத் தோன்றியது. ஒழுங்காக வகுப்புக்குப் போகிற, கனவைக் கூச்சமில்லாமல் பேசுகிற ஒருவன் அந்த அறையில் இருந்தால் மற்றவர்களுக்கு நல்லது என்று அவர் கணித்திருப்பார் என்பது என் ஊகம்.

அந்த அறையில் அவர்கள் ஒரு நாடகம் ஆடினார்கள். மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டாவில் வெற்றியாளருக்குப் பச்சைக் கோட்டு அணிவிக்கும் சடங்கு பட்லர் இல்லத்தில் தொலைக்காட்சிக்காக நடக்கும். விடுதி அறை பட்லர் இல்லமாகிவிடும். கப்பிள்ஸ் வென்றவர், நான்ஸ் பேட்டி எடுப்பவர். பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள். ஒருவன் வெல்லப்போவதாகவும், மற்றவன் கேட்கப்போவதாகவும் ஒருவரையொருவர் நம்பினார்கள். நான்ஸ் படிக்கும்போதே பல்கலைக்கழகக் கூடைப்பந்து ஆட்டங்களின் அரங்க அறிவிப்பாளராக இருந்தார். கை லூயிஸின் தொலைக்காட்சி நிகழ்ச்சியையும் நடத்தினார். கப்பிள்ஸ் 1980-இல் தொழில்முறைக்குப் போனார்.

1992 ஏப்ரல். மாஸ்டர்ஸின் கடைசி நாள். பன்னிரண்டாம் குழியில் கப்பிள்ஸின் பந்து கரைச் சரிவில் விழுந்து ஓடையை நோக்கி உருண்டது. அந்தச் சரிவில் விழும் பந்து தண்ணீருக்குள் போவதுதான் வழக்கம். அன்று அது புல்லில் தங்கிவிட்டது. ரேமண்ட் ஃபிளாய்டை இரண்டு அடி வித்தியாசத்தில் வென்றார். பட்லர் இல்லத்தில் சி.பி.எஸ். ஒலிவாங்கியோடு காத்திருந்தவர் ஜிம் நான்ஸ். டாப் ஹாலில் ஒத்திகை பார்த்த காட்சி எழுத்துப் பிசகாமல் நடந்தேறியது. ஒளிபரப்பு முடிந்ததும் இருவரும் கட்டித் தழுவிக்கொண்டு அழுதார்கள்.

அந்தப் பேட்டியின் காணொளியை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பச்சைக் கோட்டைவிட அந்த அறையைத்தான் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன். கப்பிள்ஸ் ஹூஸ்டனில் இருந்த ஆண்டுகளில் அணி தேசியக் கோப்பையை ஒருமுறைகூட வெல்லவில்லை என்பதை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவர் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு ஒன்று, அவர் போன பிறகு இரண்டாம் ஆண்டில் ஒன்று. வில்லியம்ஸின் 16-இல் அந்த அறைக்குப் பங்கே இல்லை. ஆனாலும் அவர் வாழ்நாளில் செய்த மிகச் சிறந்த வேலை எது என்று யாராவது என்னைக் கேட்டால், அந்த அறைக்கு ஆள் போட்டதைத்தான் சொல்வேன்.

அவருடைய மாணவர்களில் பெரும்போட்டிகளை வென்றவர்கள் உண்டு. மஹாஃபி 1978-இல் பி.ஜி.ஏ. சாம்பியன், பில் ராஜர்ஸ் 1981-இல் பிரிட்டிஷ் ஓப்பன், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து 84, 85 அணிகளில் ஆடிய ஸ்டீவ் எல்கிங்டன் 1995-இல் பி.ஜி.ஏ. சாம்பியன். கிட்டத்தட்ட வென்றவர்களும் உண்டு. மார்ட்டி ஃப்ளெக்மன் 1967 யு.எஸ். ஓப்பனில், தொழில்முறைக்கு வராத நிலையிலேயே மூன்று நாட்கள் முடிவில் முன்னிலையில் இருந்தார். நான்காம் நாள் 80 அடித்தார். ஜாக் நிக்லஸ் வென்றார். அதே ஆண்டில் தொழில்முறை வீரராக இறங்கிய முதல் சுற்றுப்போட்டியிலேயே ஃப்ளெக்மன் பட்டம் வென்றார். 80 அடித்த கையோடு மறுபடி களத்தில் நிற்கும் மனவலிமை எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசிக்கிறேன். வாரந்தோறும் தகுதிச் சுற்றில் தோற்றும், அடுத்த வாரம் மறுபடி வந்து நிற்கப் பழகியவர்கள் அவர்கள்.

வில்லியம்ஸ் 1998-இல் காலமானார். 1985-க்குப் பிறகு ஹூஸ்டன் அந்தக் கோப்பையை வெல்லவில்லை. ஹோல்டரோ 2005 வரை ஓக்லஹோமா ஸ்டேட்டில் இருந்து மொத்தம் எட்டுக் கோப்பைகளை வென்றார். தம் மாணவர்களுக்கென்று நன்கொடை திரட்டி கார்ஸ்டன் கிரீக் என்ற தனிக் களத்தையே 1994-இல் உருவாக்கினார். அவருக்குப் பிறகும் அந்தப் பல்கலைக்கழகம் 2006, 2018, 2025 என்று வென்றுகொண்டிருக்கிறது. இந்த வேறுபாடு என்னை நிறைய யோசிக்க வைத்தது. ஒருவரின் வேலை அவரோடு முடிந்தது போலவும் மற்றவருடையது நின்று நிலைப்பது போலவும் தோன்றும். ஹோல்டர் மண்ணில் கட்டினார். வில்லியம்ஸ் கட்டியதெல்லாம் ஆட்களுக்கு இடையில் இருந்தது. அந்த ஆட்கள் போனபோது கூடவே போய்விட்டது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் அணியில் உயரமான ஒரு பையன் சேர்ந்தான். தர்மபுரிப் பக்கம். அருமையாகத் தாவுவான், யாரோடும் பேச மாட்டான். முதல் பருவத்தில் நான்கு தாள்களில் தோல்வி. வீட்டுக்குப் போய்விடுகிறேன் சார் என்று வந்து நின்றான். விடுதிக் காப்பாளரிடம் போய் அவனை மின்னியல் துறைப் பையன் ஒருவனுடைய அறைக்கு மாற்றித்தரச் சொன்னேன். அந்த இன்னொருவன் கைப்பந்தே ஆடாதவன். இரவெல்லாம் விழித்திருந்து வானொலிப் பெட்டிகளைப் பிரித்துப் பூட்டுகிறவன். வாய் ஓயாமல் பேசுகிறவன். எதற்கு சார் இந்த ஜோடி என்றார் காப்பாளர். சொல்லி விளக்க எனக்குத் தெரியவில்லை.

இந்த ஆண்டு விடுதி அறைப் பட்டியல் ஜூலை இரண்டாம் வாரம் தயாராகும் என்று காப்பாளர் நேற்றுச் சொல்லி அனுப்பியிருக்கிறார். முதலாண்டில் சேர்ந்திருக்கும் நான்கு ஆட்டக்காரர்களின் பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இன்னும் ஒரு பெயர் எழுத வேண்டும். அதற்காக மற்ற மாணவர்களின் விண்ணப்பங்களை வாங்கிவந்து மேசைமேல் வைத்திருக்கிறேன். முந்நூறுக்கு மேல் இருக்கின்றன.